செம்பு அறைக்குள் நோயாளி!

1836-ம் ஆண்டு. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 12 அடி நீளம், அகலம், உயரம் கொண்ட ஒரு கூண்டு. வெளிப்புறம் உலோகம் போர்த்தியிருந்தது. அதில் மின்சாரத்தை ஏற்றினார்கள். வெளியே பொறி பறந்தது! உள்ளே இருந்தவர் விஞ்ஞானி மைக்கேல் பாரடே. அவருக்கு ஒன்றும் நேரவில்லை!

அதே தத்துவம்தான் இன்று ஆஸ்பத்திரியில் உதவுகிறது. எம்.ஆர்.ஐ. யந்திரத்தில் படுத்திருப்பவரின் உடலிலிருந்து மிக மெல்லிய ரேடியோ அலை வருகிறது. அதைக் கொண்டே படம் உருவாகிறது. வெளியே உள்ள ரேடியோ அலை உள்ளே புகுந்தால்? படத்தில் கோடுகள் விழும். நோயை மறைத்துவிடும்!

ஆகவே சுவர், கூரை, தரை எங்கும் உலோகம் பதிக்கிறார்கள். பெரும்பாலும் செம்பு.

ஏன் செம்பு? வெள்ளிக்கு அடுத்தபடி மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது அதுதான். ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

அலுமினியம் கூடாதா? கூடும். எடையும் குறைவு. ஆனால் அதன் மேல் படியும் மெல்லிய படலம் மின்சாரத்தைக் கடத்தாது. இணைப்புகளில் கவனம் தேவை.

டிரான்ஸ்பார்மரின் காந்தத் தொல்லைக்கு மெல்லிய செம்புத் தகடு போதாது. அங்கே இரும்பு வேண்டும். அது காந்தத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். சுமார் 80 சதவீதம் நிக்கல் கலந்த 'மியூ மெட்டல்' இன்னும் நன்றாக இழுக்கும். ஆனால் அதை வளைத்தாலோ தட்டினாலோ சக்தி குறைந்துவிடும்!

எந்த உலோகமானாலும் இடுக்கு இருக்கக்கூடாது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்குமா? படம் எடுக்கும்போது அறைக் கதவை இறுகச் சாத்துவது அதற்காகத்தான்!