அழிந்த படமும் அழியாத வாய்மொழியும்

நேற்றுக் கண்ட டெலிவிஷன் காட்சியை இன்று மீண்டும் காண்பது நமக்கு எளிது. ஆரம்ப காலத்தில் அவ்விதமில்லை. அமெரிக்காவில் 1956-ல் வீடியோ நாடா புழக்கத்துக்கு வரும்வரை, நிகழ்ச்சிகள் பல காற்றோடு கலந்து மறைந்தன. திரையைப் படம் பிடித்து வைத்த சுருள்களுக்கும் ஆயுள் கெட்டியில்லை. டூமான்ட் கம்பெனியின் சுருள்கள் நியூயார்க் துறைமுகக் கடலில் கொட்டப்பட்டன என்று நடிகை ஈடி ஆடம்ஸ் 1996-ல் சாட்சி சொன்னார். அழிந்த கதையையும் ஒருவர் வாய்மொழியாலன்றோ அறிகிறோம்!

இதனை உணர்ந்தே, 1990-களில் டெலிவிஷன் அகாடமியின் அறநிலையம் அத்துறை முதியோரைக் காமிராவின் முன் அமர்த்தி, மணிக்கணக்கில் பேசச் செய்து பதிவு செய்யலாயிற்று. இதுவரை பேசியவர் 900-க்கு மேற்பட்டோர். நடிகர் மட்டுமல்லர், ஒப்பனைக்காரர், எழுத்தாளர், காமிராக்காரர் யாவரும் உண்டு.

அவர்களுள் ஒருவர் எல்மா பார்ன்ஸ்வொர்த் அம்மையார். 1927 செப்டம்பர் 7-ந் தேதி, ஸான் பிரான்ஸிஸ்கோவில், அவர் கணவர் பைலோ தமது 21-ம் வயதில் மின்சாரத்தால் ஒரே ஒரு கோட்டைத் திரையில் தோன்றச் செய்தபோது உடனிருந்தவர் அவர். பைலோ 1971-ல் மறைந்தார். அம்மையார் 2006-ல் மறைந்தார். அவருடைய குரல் இருக்கிறது.

முதுமையில் ஞாபகம் பிசகலாம். பலர் சொல்லைக் கேட்டு ஒத்துப் பார்த்தால் உண்மை துலங்கும். கேளாமலே விட்டுவிட்டாலோ, ஒத்துப் பார்க்கவும் ஒன்றும் மிஞ்சாது.