ஓடுகிற பிள்ளைக்குப் பசிக்கும்

"ஓடினா புள்ளைக்குக் கூடப் பசிக்கும் மிஸ். அதான் வேணாம்னுட்டேன்."

ஹேவாஹெட்டப் பக்கத் தோட்டமொன்றில் எமது மாதர் குழு கூடியபோது ஒரு பாட்டி சொன்ன வார்த்தை இது. வன்னியில் கணவரைப் பறிகொடுத்து, 2009க்குப் பின் உறவினரைத் தேடி இங்கு வந்தவர். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறார். பேத்தியோ பாடசாலை ஓட்டப் போட்டியில் முதலாவதாக வந்தவள்.

"பொம்பளைப் பிள்ளை ஓடுவதா" என்பார் என்று நினைத்து, பெண் உரிமை பற்றிப் பேசத் தயாராகப் போயிருந்தேன். அவர் சொன்னதோ சோற்றுக் கணக்கு. எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் பி.டி. உஷாவின் கதையைச் சொன்னேன்.

1964இல் கேரளத்துக் கிராமமொன்றில் பிறந்த உஷா, நோஞ்சான் பிள்ளையாக வளர்ந்தவர். அவரது திறமையைக் கண்டு பயிற்றுவித்தவர் ஓ.எம். நம்பியார். 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் உஷா நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவரின் நேரம் 55.41 செக்கன், உஷாவின் நேரம் 55.42. செக்கனின் நூறில் ஒரு பங்கில் பதக்கம் கைநழுவியது. அங்கே பழகிய சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் உண்டு ஓடியதாகவும், கடைசி நேரத்தில் உடலில் வலு இல்லாமற் போனதாகவும் பின்னர் அவரே கூறியிருக்கிறார்.

அத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1985இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம் வென்றார். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டு விழாவில் நான்கு தங்கம் வென்றார்.

2000இல் ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றவர், 2002இல் கோழிக்கோடு மாவட்டத்தில் தடகளப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். சிறுமிகள் அங்கேயே தங்கிப் பயில்கிறார்கள். பயிற்சியோடு உணவும் படிப்பும் கிடைக்கின்றன. அங்கு வளர்ந்த டிண்டு லூகா, 2010இல் 800 மீற்றரை 1 நிமிடம் 59.17 செக்கனில் ஓடி இந்தியச் சாதனையை முறியடித்தார். 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளி வென்றார். தான் தவறவிட்ட ஒலிம்பிக் பதக்கத்தை உஷாவால் மீட்க முடியவில்லை. ஆனால் தனக்குக் கிடைக்காத சாப்பாடு அடுத்த பிள்ளைக்குக் கிடைக்கும்படி செய்தார்.

கதை முடிந்ததும் பாட்டி கேட்டார்: "அப்ப அந்தப் புள்ளைக்கும் கஞ்சிதானா?"

பிறகு குழுவில் ஒருவர், அந்தக் காலத்துப் பிடியரிசியை நினைவூட்டினார். இப்போது கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு பிடி பயறோ கடலையோ கொண்டுவருகிறார்கள். பயிற்சி நாட்களில் ஒருவர் மாறி ஒருவர் அவித்துக் கொடுக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கென்று தொடங்கியது, இன்று ஆறு பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

அவர்களில் எவரும் பதக்கம் வாங்காமல் போகலாம். சகோதரிகளே, உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார் என்று இன்றிரவு ஒருமுறை பாருங்கள். அது பெண்பிள்ளை என்றால், அவளுக்கு முதலில் பரிமாறுங்கள்.