பழைய இரும்பில் பிறக்கும் கருவிகள்: பரிசோடு நின்றுவிடும் தில்லி

புது தில்லி: கேரள மாநிலம் மலப்புறம் மாவட்டத்தில், பாலக்காட்டு எல்லையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பெரிந்தல்மண்ணை வட்டத்தில் உள்ளது கீழாற்றூர். அங்கு பள்ளி மாணவியாக இருந்த ரம்யா ஜோஸ், தாய் நோயுற்றிருந்த காலத்தில் வீட்டுத் துணி முழுவதையும் துவைக்க வேண்டியவரானார். இயந்திரம் வாங்க வசதியில்லை. காகிதத்தில் ஒரு படம் வரைந்து தந்தையிடம் கொடுத்தார். தந்தை அதை அருகில் இருந்த வாகனப் பழுதுப் பட்டறைக்கு எடுத்துச் சென்றார். அங்கே பிறந்ததுதான் மிதித்து இயக்கும் துணி துவைக்கும் இயந்திரம்.

ஓர் அலுமினியப் பெட்டி. அதற்குள் படுக்கைவாட்டில் இரும்புக் கம்பிவலையால் ஆன உருளை. அதைச் சுழற்ற மிதிவண்டியின் பெடலும் செயினும். சோப்பு நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மூன்று நான்கு நிமிடம் மிதித்தால் துணி வெளுத்துவிடுகிறது. நீரை வடித்துவிட்டு வேகமாக மிதித்தால் ஈரமும் பெருமளவு போய்விடுகிறது. மின்சாரம் தேவையில்லை. மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் இயங்கும் தேசியப் புதுக்கண்டுபிடிப்பு அறக்கட்டளை இதனைத் தேடிக் கண்டுபிடித்து அங்கீகரித்தது. நாடெங்கும் செய்தியானது.

இந்த வெற்றிக் கதையில் மாணவியின் படத்தைப் பேசும் அளவுக்கு அந்தப் பட்டறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. படத்தைப் புரிந்துகொண்டு, கையில் கிடைத்த பொருளைக் கொண்டு அதற்கு உருவம் கொடுத்தவர் பெயரில்லாத ஒரு மெக்கானிக். பரிசளிக்கும் தில்லியின் கண்ணில் படாதவர் அவர்தான்.

பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும் இத்தகைய கைகளுக்குப் பஞ்சமில்லை. வாளையாறுக்குக் கிழக்கே கோவையின் வார்ப்பாலைகள், மோட்டார் பட்டறைகள், பழைய இரும்புக் கடைகள். மேற்கே கஞ்சிக்கோட்டில் பழைய இரும்பை உருக்கும் உலைகள். உலைக்குப் போகும் குவியலில் வளையாத அச்சு, தேயாத பல்சக்கரம், உடையாத ரிம் என்று இன்னும் பல ஆண்டு உழைக்கக்கூடிய பொருள்கள் எத்தனையோ கிடக்கும். பொறுக்கத் தெரிந்தவனுக்கு அது பழைய இரும்பு அல்ல, உதிரிபாகக் கிடங்கு.

தெருத்தெருவாக வரும் சாணை பிடிப்பவரின் மிதிவண்டியைப் பாராதவர் இருக்க முடியாது. நிறுத்தியை இறக்கிவிட்டு, ஏறி அமர்ந்து மிதிக்கிறார், சாணைக்கல் சுழல்கிறது, அரிவாளில் பொறி பறக்கிறது. இதன் கணக்கு எளிது. நம் ஊர் மிதிவண்டிகளில் முன்பல்சக்கரத்துக்கு 48 பற்கள், பின்னதற்கு 18 பற்கள் இருப்பது வழக்கம். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் பின்சக்கரம் 160 முறை சுற்றும். டயரைக் கழற்றிவிட்டு, சுமார் 63 செ.மீ. விட்டமுள்ள அந்த ரிம்மின் மீது ஒரு பெல்ட்டைப் போட்டு, 5 செ.மீ. கப்பியோடு இணைத்தால், கப்பி நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்று சுற்றும். மின் மோட்டாரில் ஓடும் சாணைக்கு அருகில் வந்துவிட்ட வேகம் இது. இதே அமைப்பில் கல்லுக்குப் பதிலாகத் தகட்டு இறக்கைகளைப் பொருத்தி உறையிட்டால் கொல்லனின் உலைக்கு ஊதும் துருத்தி. கனமான ஒரு சக்கரத்தைச் சேர்த்தால் மரக் கடைசல் எந்திரம்.

வேகம் கிடைக்கும், ஆற்றல்தான் வரம்பு. நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் தொடர்ந்து மிதித்துத் தரக்கூடியது சுமார் 75 வாட், அதாவது குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு. கடையில் விற்கும் சாதாரண மின் துளைப்பானே 500 வாட் கேட்கிறது. ஆகவே மிதித்து வெல்டிங் செய்ய முடியாது. கனத்த இரும்பைக் கடைய முடியாது. கத்தி தீட்டலாம், உலை ஊதலாம், மரம் கடையலாம், தானியம் அரைக்கலாம், கிணற்றிலிருந்து நீர் இறைக்கலாம். இந்த எல்லையை உணராமல் "மின்சாரத்துக்கு மாற்று" என்று மேடையில் முழங்குவோரால் கெட்ட பெயர் வாங்குவது கருவிதான். இன்னொன்று: எதைப் பழைய கடையில் எடுத்தாலும், சாணைக்கல்லை எடுக்கக் கூடாது. விரிசல் விட்ட கல் 2,000 சுற்றில் உடைந்தால் எதிரே நிற்பவரின் முகம் தப்பாது. செயினுக்கும் பெல்ட்டுக்கும் ஒரு தகட்டு மறைப்பும் கட்டாயம்.

இனி தில்லியின் பக்கம். 1999-2000 நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா ரூ. 20 கோடி மூலநிதியுடன் இந்த அறக்கட்டளையை அறிவித்தார். 2000-ஆம் ஆண்டில் ஆமதாபாதில் அது தொடங்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்தவர் ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பேராசிரியர் அனில் குப்தா. அவர் தொடங்கிய "தேனீ" வலையமைப்பின் தமிழ் இதழாக மதுரையிலிருந்து "நம்வழி வேளாண்மை" வெளிவந்ததைத் தமிழக வாசகர்கள் சிலர் அறிவர். கிராமத்துக் கண்டுபிடிப்பாளரைப் பெயரோடும் ஊரோடும் பதிவு செய்ய வேண்டும் என்ற அந்த எண்ணம் பெரியது. அதைக் குறை கூறுவதற்கில்லை.

ஆனால் அங்கீகாரத்துக்குப் பின் காட்டப்படும் வழி காப்புரிமை, அதன் பின் ஒரு தொழிற்சாலை, அதன் பின் சந்தை என்பதாகவே இருந்து வருகிறது. பழைய பொருளில் செய்த கருவிக்கு இந்த மூன்றும் பொருந்துவது அரிது. காப்புரிமைச் சட்டம் 1970-இன் 3(எஃப்) பிரிவு, தனித்தனியே இயங்கும் தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கி வைப்பதைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. மிதிவண்டிப் பாகங்கள் ஒன்றோடொன்று இணைந்து புதிய பயன் தருகின்றன என்று வாதாடி வெல்லலாம்தான். அந்த வாதத்தைச் செய்ய வக்கீல் வேண்டும். தொழிற்சாலைக்குப் போனாலோ, புதிய இரும்பில் செய்த மிதி இயந்திரத்தின் விலை, மலிவான மின் இயந்திரத்தின் விலையை எட்டிவிடும். பழைய பொருள் என்பதாலேயே மலிவாக இருந்த ஒன்று, அந்தச் சாதகத்தை அங்கே இழந்துவிடுகிறது.

நாடாளுமன்றத்துக்கு இது புதிய விவகாரம் அல்ல. கையாலோ காலாலோ இயக்கக்கூடிய, ரூ. 150-க்கு மேற்படாத சிறந்த ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என 1929-இல் காந்தியடிகளின் அகில இந்திய நூற்போர் சங்கம் அறிவித்தது. அப்பரிசை எவரும் பெறவில்லை. பிறகு 1940-களின் இறுதியில் தமிழகத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் பல கதிர்கள் கொண்ட ராட்டையை உருவாக்கினார். அவர் பெயரின் பகுதியே "அம்பர் சர்க்கா" ஆயிற்று. 1955-இல் கார்வே குழு அதைப் பரிந்துரைக்க, இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் அது இடம்பிடித்தது. மில் நூலோடு போட்டியிட முடியுமா என்பதுதான் அன்றைய வாதத்தின் மையம். பழுதானால் யார் சரிசெய்வது என்ற கேள்வி அதன் நிழலில் ஒதுங்கிப்போனது.

மாறாக நடந்த ஓர் உதாரணமும் கேரளத்தில் உண்டு. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் உருவாக்கிய தென்னை ஏறும் கருவி, இரும்புக் கம்பியும் கம்பிக்கயிறும் மட்டுமே கொண்டது. எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்யலாம், பழுதும் பார்க்கலாம். மத்திய அரசின் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் "தென்னையின் நண்பர்கள்" என்ற திட்டத்தைத் தொடங்கி, இத்தகைய கருவியில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து, கருவியையும் கையில் கொடுத்து அனுப்பியது. கருவி பரவியது. காப்புரிமைச் சான்றிதழால் ஆகாததைப் பயிற்சியும் பக்கத்துப் பட்டறையும் செய்து முடித்தன.

வெளிநாட்டிலும் இதே கதைதான். மத்திய அமெரிக்க நாடான குவாதமாலாவில் 1997 முதல் இயங்கிய "மாயா பெடல்" அமைப்பு, பழைய மிதிவண்டிகளிலிருந்து சோளம் அரைக்கும், நீர் இறைக்கும் இயந்திரங்களைச் செய்தது. அவற்றின் வரைபடங்களைப் பூட்டி வைக்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது.

இடுக்கி எல்லையில் இதன் தேவை இன்னும் கூர்மையானது. 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்த இடமலைக்குடியில் முதுவான் மக்கள் நெடுங்காலம் எல்லாப் பொருளையும் தலைச்சுமையாகவே கொண்டு சென்றனர். மாநிலம் முழுவதும் மின்மயமானதாக 2017 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் மூணாறு பல நாள் துண்டிக்கப்பட்டது. சாலையும் கம்பியும் அறுந்த அத்தகைய நாள்களில் மண்வெட்டியும் கோடரியும் தீட்ட உள்ளூரில் ஒரு மிதி சாணை இருப்பது சிறிய விஷயம் அல்ல.

அப்படியானால் மலையடிவாரத்தில் ஒரு பொதுப் பட்டறை அமைக்க வழியுண்டா? நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆண்டுக்கு ரூ. 5 கோடி உண்டு. அதில் கட்டடம் கட்டலாம். ஆனால் உள்ளே நின்று சொல்லிக்கொடுக்கும் மெக்கானிக்குக்குச் சம்பளம் தர விதி இடம் தராது. கேரளத்தில் ஊராட்சிகளிடம் திட்ட நிதி இருக்கிறது. பாலக்காட்டுக்கு அருகே முண்டூரில், புகையில்லா அடுப்பிலும் சிறு நீர்மின் திட்டங்களிலும் பெயர் பெற்ற சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் ஊரகத் தொழில்நுட்ப மையம் 1987 முதல் இருக்கிறது. கட்டடத்துக்கு உறுப்பினர், சம்பளத்துக்கு ஊராட்சி, பயிற்சிக்கு முண்டூர் என்று மூவரும் ஒரு மேசையில் அமர்ந்தால், புதிய சட்டமோ புதிய அறிவிப்போ தேவைப்படாது. பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு தொகுதிகளின் உறுப்பினர்களும் எழுப்பக்கூடிய கேள்வி இது. அதற்குக் கேள்வி நேரம் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம் போதும்.