பட்டா பெற்றவர்களின் நகரம்

ஜொகூர் பாருவின் பழைய நகர்ப்பகுதியில் தெருப் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே நடந்தால் ஊரின் சரித்திரத்தில் பாதி பிடிபட்டுவிடும். ஜாலான் இப்ராஹிம் என்பது ஒரு சுல்தானின் பெயர். ஜாலான் வோங் ஆ ஃபூக், ஒரு சீனக் கட்டட ஒப்பந்தக்காரரின் பெயர். ஜாலான் தான் ஹியோக் நீ, காம்பியரும் மிளகும் விற்றுப் பெரும் பணம் சேர்த்த ஒரு வியாபாரியின் பெயர். ஜாலான் மெல்ட்ரம், ஸ்காட்லாந்திலிருந்து வந்து மர அறுவை ஆலை நடத்தியவரின் பெயர். இந்த வட்டாரத்தின் பெரிய தெருக்கள் எதற்கும் தமிழர் ஒருவரின் பெயர் இல்லை. இந்தியச் சாயலோடு கண்ணில் படுவது ஜாலான் டோபி. அதுவும் சலவைத் தொழிலின் பெயரே தவிர ஆளின் பெயரில்லை. ஆனால் இதே ஊருக்குச் சுற்றுலா வருகிறவர்களைக் கட்டாயம் கூட்டிப்போய்க் காட்டும் இடங்களில் ஒன்று தமிழர் கட்டிய கோவில். கோவில் இருக்கிறது, கட்டியவர்களின் மூதாதையர் பெயர் இல்லை. இதற்குத் தமிழர்களின் முயற்சிக் குறைவைக் காரணமாகச் சொல்வார் உண்டு. பிறருடைய பாரபட்சத்தைச் சொல்வாரும் உண்டு. இரண்டையும்விட எளிய காரணம் ஒன்று ஆவணங்களிலேயே கிடக்கிறது. இந்த ஊரில் யார் கையில் நிலத்துக்கான காகிதம் கொடுக்கப்பட்டதோ அவர்தான் பெரிய மனிதரானார். தமிழர் வந்து சேர்ந்தபோது அந்தக் காகிதம் வேறு கைகளுக்குப் போயிருந்தது.

ஊரே ஒரு பத்திரத்தில் பிறந்ததுதான். 1855 மார்ச்சில் சிங்கப்பூரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. சுல்தான் அலி 5,000 ஸ்பானிய டாலர் ரொக்கத்துக்கும் மாதம் 500 டாலர் படிக்கும் இசைந்து, கேசாங், மூவார்ப் பகுதி நீங்கலாக ஜொகூரைத் தெமெங்கோங் என்ற பதவியில் இருந்த டாயெங் இப்ராஹிமுக்கு விட்டுக்கொடுத்தார். அதே ஆண்டில் தஞ்சோங் புத்ரி என்ற மீன்பிடிக் கிராமத்தில் தெமெங்கோங் ஊர் அமைக்கத் தொடங்கினார். 1862ல் அவர் மறைந்தபின் மகன் அபு பக்கர் ஆட்சிக்கு வந்தார். ஊருக்கு ஜொகூர் பாரு என்ற பெயரும் அவர் காலத்தில்தான் நிலைத்தது. தந்தையும் மகனும் ஆண்ட நாட்டில் காடு நிறைய இருந்தது, ஆளும் பணமும் இல்லை. இரண்டையும் வரவழைக்கக் கையாண்ட வழிதான் ‘சூராட் சுங்கை’ என்ற ஆற்றுச் சீட்டு. ஓர் ஆற்றங்கரையைக் குறிப்பிட்டு, இந்த ஆற்றைத் திறந்து காடு வெட்டிக் காம்பியரும் மிளகும் பயிரிட இன்னாருக்கு உரிமை என்று ஆட்சியாளர் எழுதிக்கொடுத்தார். இன்று கிடைக்கும் சீட்டுகளில் பழையவை 1855 உடன்படிக்கைக்கும் முந்திய 1844ஐச் சேர்ந்தவை. சீட்டு வாங்கிய சீனத் தலைவருக்குக் காங்சூ என்று பெயர். பயிரிடும் உரிமையோடு, தன் ஆற்றில் அபினி விற்கவும் சாராயம் விற்கவும் சூதாட்டம் நடத்தவும் அடகுக்கடை வைக்கவும் அவருக்கே ஏகபோகம். கூலியாள் உழைத்த காசு அபினியிலும் சூதிலும் காங்சூவிடமே திரும்பி வந்தது. அதில் ஒரு பங்கு வரியாக ஆட்சியாளரிடம் போனது. காம்பியர், தோல் பதனிடப் பயன்படும் சரக்கு. ஐரோப்பியத் தோல் ஆலைகளுக்கு அது தேவைப்பட்ட காலம் முழுக்க ஜொகூர் கருவூலம் நிறைந்திருந்தது. இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து எழுதியவர்களில் கார்ல் ட்ரோக்கி முக்கியமானவர். ஜொகூர் அரசின் அடித்தளமே இந்தச் சீட்டுகள்தான் என்ற எண்ணம் அவர் எழுத்தைப் படிப்பவருக்கு வராமல் போகாது.

இனித் தெருப் பெயர்களுக்குத் திரும்பலாம். வோங் ஆ ஃபூக் 1837ல் குவாங்டோங்கின் தாய்ஷானில் பிறந்து, பதினேழு வயதில் சிங்கப்பூரில் கரையிறங்கித் தச்சு வேலை கற்றவர். அபு பக்கரின் இஸ்தானா பெசார் அரண்மனையைக் கட்டும் வேலை அவரிடம் வந்தது. 1866ல் அரண்மனை முடிந்தது. (எண்பது ஆண்டு கழித்து, 1946 மே 11 அன்று, டத்தோ ஓன் ஜாபார் தலைமையில் அம்னோ கட்சி பிறந்ததும் அந்த அரண்மனையில்தான்.) தச்சருக்கு நிலம் கிடைத்தது, நிலத்தில் கிராமம் எழுந்தது, காம்பியர்த் தோட்டமும் சூதாட்டக் குத்தகையும் சேர்ந்தன. 1903ல் சிங்கப்பூரின் முதல் சீன வங்கியான குவோங் யிக்கைத் தொடங்கியவர்களில் அவர் முதன்மையானவர். பத்தே ஆண்டில் அந்த வங்கி நொடித்தது வேறு கதை. தான் ஹியோக் நீயின் கையிலோ பல ஆறுகளின் உரிமை இருந்தது. 1870ல் ‘மேஜர் சைனா’ என்ற பட்டமும் வந்தது. தனி மனிதர்களோடு இது நிற்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. சீனர்களின் ங்கீ ஹெங் சங்கத்தைச் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் ரகசியச் சங்கம் என்று ஒடுக்கிக்கொண்டிருந்தபோது, ஜொகூரில் அது ஆட்சியாளரின் ஒப்புதலோடு இயங்கியது. ஜாலான் துருஸில் 1870ஐ ஒட்டி எழுந்த பழைய சீனக் கோவிலில் ஐந்து மொழிக் குழுவினர் ஐந்து தெய்வங்களை ஒரே கூரையின்கீழ் வைத்தார்கள். சிங்கப்பூரில் தனித்தனிக் கோவில் கட்டிச் சண்டையிட்ட அதே குழுவினர்தான். 1913ல் ஃபூன் யூ பள்ளி தொடங்கியது. சில ஆண்டுகளில் ங்கீ ஹெங் கலைக்கப்பட்டபோது அதன் மிச்சப் பணமும் அந்தப் பள்ளிக்குப் போனது. சீட்டிலிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து சங்கம், சங்கத்திலிருந்து பள்ளி என்று ஒவ்வொன்றும் முன்னதன் பணத்தில் நின்றது.

தமிழர் பெருந்தொகையாக வந்தது இந்தக் காலம் முடியும் தறுவாயில். காம்பியர் மண்ணை உறிஞ்சிவிடும் பயிர். பதினைந்து இருபது ஆண்டில் நிலம் சளைத்துப்போகும், அதைக் காய்ச்ச விறகுக்காகச் சுற்றியுள்ள காடும் போய்விடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடத்தை ரப்பர் பிடித்தது. அபு பக்கர் 1869ல் மரத்தாலேயே தண்டவாளம் போட்டுப் பார்த்து, கரையான் தின்று கைவிட்ட ரயில் கனவு, கேமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரும்புப் பாதையாக 1909ல் நிறைவேறியது. பாதையின் இருபுறமும் தோட்டங்கள். ஆனால் இம்முறை நிலம் வாங்கியவர்கள் ஆற்றில் படகேறி வந்த தலைவர்கள் இல்லை. லண்டனிலும் பிற நாடுகளிலும் பங்கு விற்று முதல் திரட்டிய கம்பெனிகள். ஆயிரக்கணக்கான ஏக்கர் அவர்கள் பெயரில் எழுதப்பட்டது. 1917ல் காங்சூ முறையைச் சட்டம்போட்டே ஒழித்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணி என்ற ஆள்சேர்ப்பவர் கூட்டிவந்த குடும்பங்கள் இறங்கியது இந்தப் புதிய ஏற்பாட்டுக்குள். 1907ல் அமைந்த குடியேற்ற நிதி அவர்களுடைய கப்பல் செலவைக் கொடுத்தது. தங்க லயத்து வீடு, விடிவதற்குள் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பெயர் பதியச் செக்ரோல். பால்மரம் வெட்டுகிறவர் மிஞ்சிப்போனால் கங்காணியாகலாம், மகனுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் கிராணி என்ற எழுத்தராகலாம். அதற்கு மேல் துரையின் பங்களா. தச்சுப் பையனாக வந்தவர் வங்கி தொடங்கும் ஏணி அங்கே இருந்ததே இல்லை, ஏனென்றால் தோட்டத்துக்குள் எந்தத் துண்டு நிலமும் தொழிலாளிக்கு விற்பனைக்கு வரவில்லை.

தமிழருக்கு நிலமே கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சாமிக்குக் கிடைத்தது. ஜொகூர் ஆட்சியாளர்கள் இதில் தாராளமானவர்கள். 1883ல் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு நிலம் தந்தது அபு பக்கர். ஜாலான் துருஸிலேயே சீக்கியரின் குருத்துவாரா இருக்கிறது. ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் கோவில் 1911ல் அமைந்தது. இன்றைக்கும் அந்தத் தெருவைச் சுற்றித்தான் பூக்கடையும் மளிகைக்கடையும் நகைக்கடையுமாகத் தமிழர் கடைத்தெரு. ஜாலான் தெப்ராவ் பக்கம், ரயில் பாதையை ஒட்டி, சுல்தான் தந்த நிலத்தில் 1922ல் ஒரு குடிசைக் கோவிலாகத் தொடங்கியது ராஜகாளியம்மன் கோவில். தெப்ராவ் என்பது சீட்டெழுதித் திறக்கப்பட்ட ஆறுகளில் ஒன்றின் பெயர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். எழுபது ஆண்டுக்கு மேல் ராஜகாளியம்மன் கோவில் சாதாரணக் கோவிலாகவே இருந்தது. பொறுப்பேற்ற சின்னத்தம்பி சிவசாமி குருக்கள் 1996ல் மறுகட்டு வேலையைத் தொடங்கினார். கண்ணாடி எண்ணம் பாங்காக்கில் அவர் பார்த்த கண்ணாடி பதித்த கலைவேலையிலிருந்து வந்தது. தூண், சுவர், விதானம் என்று கண் போகிற இடமெல்லாம் சிவப்பும் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகச் சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள். ஆத்மலிங்கச் சன்னிதியின் சுவரில் நேபாளத்து ருத்ராட்சங்கள். அவையும் 3 லட்சம் என்கிறார்கள். புத்தருக்கும் இயேசுவுக்கும் அன்னை தெரசாவுக்கும் சிலை உண்டு. 2010ல் மலேசியச் சாதனைப் புத்தகம் நாட்டின் முதல் கண்ணாடிக் கோவில் என்று இதைப் பதிந்தது. ஒரு சமூகத்தின் கையில் அசையாத பட்டா ஒன்று இருந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தக் கோவிலைவிட நல்ல சாட்சி கிடைக்காது. குடிசை கண்ணாடியாவதற்கு எழுபது எண்பது ஆண்டு அந்த இடத்தைவிட்டு யாரும் கிளப்பாமல் இருக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, சீனக் கூலிகள் மட்டும் என்ன சுகத்தைக் கண்டார்கள் என்பது. நியாயமான கேள்வி. காம்பியர்த் தோட்டத்தில் கடனும் அபினியும் தின்று செத்தவர்களின் பெயரிலும் தெரு இல்லை. காங்சூக்களைத் தொழிலாளரின் தோழர்களாக நினைக்கவும் வேண்டாம். ஆனால் அந்தக் கூலிகளைச் சுரண்டியவரும் அவர்கள் மொழி பேசியவர். அவர் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி அதே ஊரில் பள்ளியாகவும் கோவிலாகவும் நின்றது. தமிழ்த் தொழிலாளி உண்டாக்கிய லாபம் கப்பலேறிப் பங்குதாரர்களிடம் போனது. இரண்டாவது மறுப்பு, தமிழர் எல்லாரும் தோட்டத்தில் இருந்தார்களா, செட்டியார்கள், தமிழ் முஸ்லிம் வணிகர்கள், ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் இருந்த யாழ்ப்பாணத் தமிழர்கள், ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள் எங்கே போனார்கள் என்பது. இருந்தார்கள், செல்வாக்கோடும் இருந்தார்கள். ஆனால் உத்தியோகம் ஓய்வோடு முடிகிறது, வட்டித் தொழிலின் லாபம் ஊருக்குப் போய் அங்கே மாளிகையாகிறது. ஜொகூரில் பிறந்து நாடறிந்த தமிழர் என்றால் முதலில் நினைவுக்கு வரும் சாமிவேலுவையே எடுத்துக்கொள்ளலாம். 1936ல் குளுவாங்கில் பால்மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர், மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவரானது, அமைச்சரானது, பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தொகுதி பிடித்தது எல்லாம் ஜொகூருக்கு வெளியே. ஏணி வேறு ஊரில் இருந்தது என்பதற்கு அவரும் ஒரு சான்று.

மூன்றாவது மறுப்பு சற்றுக் கனமானது. நகர வரலாறு வேறு, தோட்ட வரலாறு வேறு. தோட்டத்தில் நடந்ததை நகரத்தின் கணக்கில் ஏன் எழுத வேண்டும்? ஏனென்றால் அந்த நகரத்தைக் கட்டிய பணம் தோட்டத்திலிருந்து வந்தது. சிங்கப்பூரோடு ஜொகூர் பாருவை இணைக்கும் தாம்போதி 1919ல் தொடங்கி 1923ல் முடிந்தது. 1924 ஜூன் 28ல் முறைப்படி திறந்தார்கள். ஆகும் செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர் என்று மதிப்பிட்ட அந்த 1,056 மீட்டர்ப் பாதை, படகில் ஏற்றி இறக்கித் திணறிய ரப்பரும் ஈயமும் துறைமுகத்துக்குத் தடையின்றிப் போகவே முக்கியமாகப் போடப்பட்டது. புக்கிட் திம்பாலானில் நிற்கும் பெரிய அரசுக் கட்டடத்தையும் எழுப்பியது ரப்பர் காலத்து வருமானம்தான். தாம்போதியை நகர வரலாற்றில் வைத்துவிட்டு, அதன்மேல் போன ரப்பரைச் சீவியவரைத் தோட்ட வரலாற்றில் விடுவது கணக்கில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கூட்டிப் பார்ப்பது.

காகிதம் இல்லாததன் விலை பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, இரண்டு தலைமுறையாக லயத்தில் இருந்தவர்கள் போக்கிடமின்றி நின்றார்கள். 1960ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் சேமிப்பிலேயே தோட்டம் வாங்கினார். முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். நோயைச் சரியாகக் கண்டுபிடித்த மருத்துவம் அது என்பது என் கருத்து. வந்த காலம்தான் தாமதம். எண்பதுகளுக்குப் பின் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டமாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது மறுபடி அதே கதை. தோட்டக் கோவில்கள் கம்பெனி நிலத்தில் இருந்தவை. நிலம் கைமாறியதும் அனுமதியில்லாத கட்டடங்களாயின. தோட்டப் பள்ளிகள் பலவற்றின் நிலையும் அதுவே. ஜொகூரில் இன்று சுமார் 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒரு காலத்துத் தோட்டத்தின் பெயரை இன்னும் சுமந்துகொண்டு, தோட்டமே இல்லாத இடத்தில் நிற்பவை அவற்றில் உண்டு.

புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர் விரைவு ரயில் பாதை போடத் தொடங்கியதிலிருந்து ஜொகூர் பாருவில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. இனிமேல் எந்த நிலம் யாருடையது என்பதைக் காகிதம் மட்டுமே பேசும். ஆற்றுச் சீட்டுகள் ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்ததால்தான் காங்சூக்களின் வரலாற்றை ஆள்வாரியாக எழுத முடிந்தது. நம் பக்கத்துக் காகிதங்கள் கோவில் அலுவலக அலமாரியிலும் பள்ளிக்கூட மேசை இழுப்பறையிலும் கிடக்கின்றன. கோவிலுக்குச் சுல்தான் தந்த நிலக் கடிதம், நிர்வாகக் குழுவின் பழைய கூட்டக் குறிப்பு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தாத்தாவின் செக்ரோல் சீட்டு என்று எது இருந்தாலும், ஜொகூர்த் தமிழர்கள் அதைக் கரையானுக்கு விடாமல் நகலெடுத்து, ஒரு படியைக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். கோவில் நிர்வாகங்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்திலேயே இதற்கு ஒரு தீர்மானம் போடலாம்.