பாக்ஸர்: வாசலுக்கா, வீட்டுக்குள்ளா?

(வளர்ப்பு நாய்கள் தொடர் – 7)

முகத்தைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாற்றிவிடும் நாய் பாக்ஸர். சப்பை மூக்கு, துருத்திய கீழ்த்தாடை, சுருக்கம் விழுந்த நெற்றி, திரண்ட மார்பு. கேட்டில் கட்டிவைத்தால் ஒருவனும் கிட்ட வரமாட்டான் என்று தோன்றும். ஆனால், கட்டிப்போட்டு வளர்க்கவே கூடாத நாய் இது.

போன வாரம் பார்த்த ராஜபாளையம் நம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்த இனம். பாக்ஸரின் பூர்வீகம் ஜெர்மனி. காட்டுப்பன்றியைக் கவ்விக்கொண்டு, வேட்டைக்காரர் வரும்வரை விடாமல் நிற்கும் ‘புல்லன்பைசர்’ நாயையும் இங்கிலாந்தின் புல்டாக்கையும் கலந்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மியூனிக் நகரத்தில் இதை உருவாக்கினார்கள். கவ்விப் பிடிக்க உதவிய அந்தக் குட்டையான, அகன்ற வாய்தான் நம் ஊரில் இதற்குச் சிக்கல்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சப்பை மூக்கு நாய்க்கு அந்தக் காற்றுவழியே நெருக்கடி. சித்திரை, வைகாசி மதியங்களில் தகரக் கொட்டகையிலோ மொட்டைமாடியிலோ விட்டால் உயிருக்கே ஆபத்து. இரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாக வழிந்து, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

வெயில் ஒரு காரணம் என்றால், குணம் இன்னொன்று. பாக்ஸருக்கு ஆள் வேண்டும். நீங்கள் ஹாலில் இருந்தால் அதுவும் ஹாலில், சமையலறைக்குப் போனால் அங்கேயும். காலையில் எல்லோரும் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் வீட்டில் அது செருப்பையும் சோபாவையும் கடித்துத் தீர்த்துவிடும். காவல் மட்டும்தான் தேவை என்றால் நல்ல பூட்டும் ஒரு கேமராவும் மலிவு.

வீடு சிறியதா, பெரியதா என்பது அவ்வளவு முக்கியமில்லை. தினமும் நடக்கவும் ஓடவும் விளையாடவும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடிந்தால் அடுக்குமாடி வீட்டிலும் வளர்க்கலாம். நம் ஊரில் அது விடியற்காலையிலும் இருட்டிய பிறகும்தான் சாத்தியம். காலை ஏழு மணிக்கு எழுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

குழந்தைகளோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆனால், வளர்ந்த ஆண் நாய் 30 கிலோவைத் தாண்டும். மூன்று வயதுவரை குட்டித்தனமும் போகாது. பிரியம் வந்தால் முன்னங்கால்களைத் தூக்கி மேலே பாயும். தவழும் குழந்தையோ தடி ஊன்றி நடக்கும் பாட்டியோ இருக்கும் வீட்டில், முதல் மாதத்திலிருந்தே பழக்கினால்தான் சமாளிக்கலாம். எச்சில் ஒழுகும், குறட்டை விடும். அதையும் சகித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மருத்துவச் செலவு. இந்த இனத்தில் இதயத் துடிப்பு தடுமாறும் பரம்பரை நோய் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென மயங்கி விழலாம். புற்றுநோயும் மற்ற பல இனங்களைவிட அதிகம். தோலில் சின்னக் கட்டி தென்பட்டாலும் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடக்கூடாது. மார்பு ஆழமான நாய் என்பதால் வயிறு உப்பி, இரைப்பை முறுக்கிக்கொள்ளும் அபாயமும் இருக்கிறது. ஒரே வேளையில் நிறையப் போடாமல் பிரித்துப் போடுங்கள். சாப்பிட்ட உடனே ஓடவிடாதீர்கள். ஆயுள் சுமார் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள்.

குட்டி வாங்கப் போகும்போது தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். தாய், தகப்பன் இரண்டுக்கும் இதயப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் அங்கே வாங்காதீர்கள். வெள்ளைக் குட்டியை ‘அபூர்வம்’ என்று சொல்லி விலையை ஏற்றினால் நம்ப வேண்டாம். பாக்ஸர் குட்டிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று வெள்ளையாகவே பிறக்கும். வெள்ளையில் காது கேளாமை அதிகம் என்பதால், பின்னாலிருந்து கைதட்டித் திரும்புகிறதா என்று பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியும் திரும்பிவிடும். அதனால் மருத்துவரிடமும் காட்டிவிடுவது நல்லது.

பகலில் வீட்டில் ஒருவர், விடியலில் நடக்க ஒருவர், படுக்க உள்ளே ஓர் இடம். இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக பாக்ஸர் வளர்க்கலாம். ஒன்று குறைந்தாலும் வேறு இனம் பாருங்கள்.

அடுத்த வாரம்: குட்டி வீட்டுக்கு வந்த முதல் இரவு விடிய விடிய அழுதால் என்ன செய்வது?