வீடு திரும்புமுன் ஓர் இடைவீடு

மதுவை நிறுத்தியதும் தோன்றும் நடுக்கம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். வேட்கையோ பல மாதங்கள் நீடிக்கும். அரும்பாவூர் மரச்சிற்பக் கூடத்திற்குத் திரும்புபவரைக் கூலி வாங்கும் மாலையும் பழைய நண்பர்களும் எதிர்கொள்கின்றனர். ஆகவே, "இனி வீட்டில் பார்த்துக்கொள்கிறோம்" என விரையும் குடும்பத்தாரைச் சற்றுப் பொறுக்குமாறு வேண்டுகிறோம்.

1975இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் மீண்டுவந்தோர் சிலர் 'ஆக்ஸ்போர்டு ஹவுஸ்' என்ற வீட்டில் கூடி வாழத் தொடங்கினர். வாடகையைப் பகிர்ந்தனர், பொறுப்பாளர்களைத் தாமே தேர்ந்தெடுத்தனர். மீண்டும் குடித்தவர் வெளியேறியாக வேண்டும். கடுமைதான், ஆயினும் எஞ்சியோரைக் காப்பது அவ்விதியே.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையம், குடும்பத்தாரையும் அமர்த்திப் பேசுகிறது. இத்தகைய இல்லம் தேவையெனக் கருதுவோர் எங்கள் ஆலோசகரை அணுகலாம். 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.