அரைப் பேரும் வெறுங்கட்டமும்

இறத்தோட்டைப் பக்கமிருந்து சாதாரண தர மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள்: தரவுத்தளப் பாடத்தில் புலம் எது, பதிவு எது என்று பரீட்சைக்குப் பரீட்சை மாற்றி எழுதிவிடுகிறாளாம். பிள்ளை, உங்கள் தோட்டத்துச் செக்ரோலை, ஆட்களின் வேலை நாட்களைப் பதியும் அந்த ஏட்டை, நினைத்துக்கொள்.

செக்ரோல் ஓர் அட்டவணை. குறுக்கே ஓடும் வரி ஓர் ஆளுக்குரியது, அதுதான் பதிவு. இலக்கம், பெயர், திகதி என்று மேலிருந்து இறங்கும் பத்திகள் புலங்கள். ஒரே லயத்தில் மூன்று ராமாயி இருக்கலாம். செக்ரோல் இலக்கம் ஒருத்திக்கு ஒன்றுதான். முதன்மைச் சாவி அது.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். "இந்த மாசம் இருபத்திரண்டரைப் பேர்" என்பார் அம்மா. கொழும்பு நண்பன் ஒருவனுக்கு அந்த அரை ஆள் யாரென்று விளங்கவேயில்லை.

கணினிக்காரர்கள் செக்ரோலில் ஒரு குறை காண்பார்கள்: 31 திகதிக்கு 31 பத்தி எதற்கு? இந்த ஆள், இந்தத் திகதி, இத்தனை கிலோ, இவ்வளவு பேர் என்று ஒரு நாள் வேலையை ஒரு பதிவாக்கினால் போதும். ஆளின் விபரம் வேறோர் அட்டவணையில் இருக்கட்டும். இலக்கம் இரண்டையும் இணைக்கும். 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் கொட் முன்வைத்த முறையின் சாரம் இதுதான்.

என்னை விடாமல் பிடித்திருப்பது வெறுங்கட்டம். பூச்சியம் என்றால் அன்று வேலை இல்லை என்று யாரோ பார்த்து எழுதியிருக்கிறார். கட்டம் வெறுமையாக இருந்தால்? வரவில்லையா, வந்தும் எழுதவில்லையா? தரவுத்தளத்தில் இதற்கு 'நல்' என்று பெயர். நல்லதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூச்சியத்தைக் கூட்டலாம், நல்லோடு எதைக் கூட்டினாலும் விடையும் நல்தான். ஆனால் சம்பளக் கணக்கில் வெறுமையைப் பூச்சியமாக்கிவிடுகிறோம். வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தவர்களுக்கே வருகைக் கொடுப்பனவு என்றிருந்த காலத்தில், விடுபட்ட ஒரு பேர் ஒரு நாள் கூலியோடு நிற்கவில்லை. எழுதுகிறவரின் மறதி உழைத்தவளின் கடனாவது எந்த ஊர் நியாயம்?

அம்மா அடுப்புக்கரியால் லயத்துச் சுவரில் கணக்கு வைத்திருந்தார். முழுப் பேருக்கு நீளக்கோடு, அரைப் பேருக்குக் குட்டைக்கோடு, போகாத நாளுக்கு ஒரு வட்டம். ஒரு மாதம் செக்ரோலில் வெறுங்கட்டம் இருந்த திகதியில் சுவரில் நீளக்கோடு நின்றது. சுவரைப் பார்க்க யாரும் வரவில்லை.